கல்லூரி மன்றத்தின் செயலராகிவிட்டீர்களா? ஜூன் முதல் மார்ச் வரை செய்ய வேண்டியவை

சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் தமிழ் மன்றச் செயலராக ஓராண்டு இருந்தேன். பொறுப்பேற்ற அன்று கைதட்டினார்கள், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். மறுநாள் காலை முதல் வேலையாக ஆடிட்டோரியம் சாவி யாரிடம் இருக்கும் என்று தேடினேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் செயலராக இருந்த அண்ணன் படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு தாள்கூட இல்லை.

அந்த ஓராண்டில் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தமிழ் மன்றம், துறைச் சங்கம், நாடகக் குழு, புகைப்படக் குழு எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும். நாட்டு நலப்பணித் திட்டம் மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, 7 நாள் முகாம், திட்ட அலுவலர் என்று எல்லாம் ஏற்கெனவே வகுத்திருக்கிறார்கள். நம் மன்றங்களுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, வராதவரை ஒன்றும் கேட்கவும் முடியாது. எனவே வேலையைச் சின்னச் சின்னதாக உடைத்து, பெயர் போட்டுக் கொடுத்து, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காமல் இருப்பதுதான் செயலரின் முழு வேலை. கீழே வருவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

1. முதல் வாரம்: மூன்று பேரைப் போய்ப் பாருங்கள்

முதலில் பழைய செயலர். போனில் பேசாமல் நேரில் உட்காருங்கள், ஒரு மணி நேரம் போதும். போன ஆண்டு என்னென்ன நடந்தது, எதற்கு எவ்வளவு செலவானது, எந்தக் கடிதம் எங்கே மாட்டிக்கொண்டது, யாருக்கு இன்னும் பணம் பாக்கி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாக்கியைக் கட்டாயம் கேளுங்கள். எங்களுக்கு ஆகஸ்டில் ஒரு போட்டோகிராபர் அண்ணன் வந்து முந்தின ஆண்டுப் பணத்தைக் கேட்டு நின்றபோது பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம்.

இரண்டாவது பொறுப்பு ஆசிரியர். அவருக்கு எந்த நேரம் வசதி, வாட்ஸ்அப்பில் சொன்னால் போதுமா, நேரில் வர வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மன்றத்தைப் பற்றிய எந்தச் செய்தியும் அவருக்கு உங்கள் வாயிலிருந்துதான் முதலில் போக வேண்டும். முதல்வர் அறையில் வைத்து, "இது உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று அவரை யாராவது கேட்கும்படி ஒருமுறை நடந்துவிட்டால் போதும், அடுத்த கையெழுத்து எளிதில் கிடைக்காது. அவர் கோபப்படுவதில் நியாயமும் இருக்கிறது. மன்றத்தில் எது தவறாகப் போனாலும் விளக்கம் எழுதித் தர வேண்டியவர் அவர்தான்.

மூன்றாவது அட்டெண்டர் அண்ணன். ஆடிட்டோரியம் சாவி, ஜெனரேட்டர் சுவிட்ச், மேடை நாற்காலி, எந்த ஃபேன் ஓடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வேலை இருக்கும்போது மட்டும் அவரைத் தேடிப் போகாதீர்கள். பார்க்கும் போதெல்லாம் வணக்கம் சொல்லுங்கள். நிகழ்ச்சி அன்று சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணும்போது அவருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் செக்யூரிட்டிக்கும் சேர்த்து எண்ணுங்கள்.

2. நாட்காட்டியை விரித்துக் கழித்துப் பாருங்கள்

ஓராண்டு இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். சென்னையில் அவ்வளவு இல்லை. ஜூன், ஜூலை அட்மிஷனிலும் முதலாண்டு மாணவர்கள் வகுப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதிலும் போய்விடும். அக்டோபரில் மழை, தீபாவளி, மாடல் தேர்வு. நவம்பர் செமஸ்டருக்கு. டிசம்பரை நம்பவே வேண்டாம். 2015இல் வெள்ளம், 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம், மூன்றுமே டிசம்பரில்தான் நகரத்தை முடக்கின. ஜனவரி பாதி பொங்கலோடு போகும். மார்ச்சில் பிராக்டிகலும் பிரிவு உபசார விழாவும் வந்துவிடும்.

ஆக, கையில் நிற்பது ஆகஸ்டும் செப்டம்பரும், பொங்கலுக்குப் பின் பிப்ரவரி முடிய ஆறு வாரமும்தான். இன்டர்னல்ஸைக் கழித்தால் மொத்தம் 12, 13 வாரம் தேறும். அதற்குள் இரண்டு பெரிய நிகழ்ச்சி, நான்கு சின்ன நிகழ்ச்சி போதும். நான் முதல் கூட்டத்தில் பதினொரு நிகழ்ச்சி அறிவித்தேன், ஐந்து நடந்தது. நடக்காத ஆறைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

இன்னொன்று. பொங்கலை ஒட்டிய வாரங்கள் கல்ச்சுரல்ஸ் காலம். ஐ.ஐ.டி.யின் சாரங் தொடங்கி ஒவ்வொரு கல்லூரியாக வரும், உங்கள் நல்ல பேச்சாளர்களும் பாடகர்களும் ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம். அந்தத் தேதிகளை முன்பே கேட்டு, அவற்றை விட்டுவிட்டு உங்கள் தேதியைக் குறியுங்கள்.

3. குழு அமைப்பது

செயலர், இணைச் செயலர், பொருளாளர் இந்த மூவர் போதும். மற்ற பதவிகளை வேலையின் பெயரால் வையுங்கள். ஒலி-ஒளி ஒருவர், அனுமதிக் கடிதம் ஒருவர், விருந்தினர் ஒருவர், வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்ல இருவர். "செயற்குழு உறுப்பினர்" என்று பதினைந்து பேருக்குப் பட்டம் கொடுத்தால், யார் வேலை எது என்று யாருக்கும் தெரியாது.

பல கல்லூரிகளில் தேர்தல் இல்லை, ஆசிரியர்களே நியமிக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் எப்படி இருந்தாலும், மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று சொல்லும் லிங்டோ குழுவின் பரிந்துரைகளைத் தேடிப் படியுங்கள். உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றுக்கொண்டவை அவை. போட்டியிடுபவருக்கு அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும், செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று சொல்கின்றன. ஒரு மன்றத்துக்கு ஆள் எடுக்கும்போதும் இதே அளவுகோல் உதவும். அரியர் வைத்திருப்பவர் தகுதி குறைந்தவர் என்று இதற்குப் பொருள் இல்லை. மன்ற வேலையால் அவருக்கு இன்னொரு அரியர் விழக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

குழுவில் எல்லோரும் ஒரே வகுப்பு, ஒரே நண்பர் வட்டமாக இருக்க வேண்டாம். காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் இரண்டிலிருந்தும் ஆள் வேண்டும். ஹாஸ்டலில் இருப்பவர் ஒருவராவது வேண்டும், மாலை ஆறு மணிக்கு மேல் அவரால்தான் நிற்க முடியும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்கள் தமிழ் மன்றம் தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கி நிற்பார்கள். போய்க் கூப்பிடுங்கள். எங்கள் மன்றத்தில் மேடை அமைப்பை ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டது, தமிழை ஒரு பாடமாகக்கூடப் படிக்காத ஒரு பையன்.

4. கூட்டம்: 25 நிமிடம்

எங்கள் கல்லூரியில் காலை ஷிஃப்ட் ஒரு மணிக்கு முடியும், மதிய ஷிஃப்ட் ஒன்றரைக்குத் தொடங்கும். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்க்க அந்த அரை மணிதான். முதல் மாதம் இது புரியாமல் மாலை நாலரைக்குக் கூட்டம் வைத்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் முதலாண்டுத் தங்கை ஒருத்தி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட்டத்தில் ஈடுபாடு இல்லை என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் அவளாகவே, "அக்கா, அந்த ட்ரெய்னை விட்டா வீட்டுக்குப் போக எட்டரை ஆயிடும், அப்பா ஸ்டேஷன்ல நிப்பாரு" என்றாள். அன்றே கூட்டத்தை 1.05க்கு மாற்றினேன். அதுவரை வராத நான்கு பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

எனவே முதல் கூட்டத்திலேயே யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், கடைசியாக எந்த ரயில் அல்லது பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். திருநின்றவூர், செங்கல்பட்டு, பொன்னேரி என்று வரும் ஊர்களைப் பார்த்தால் கூட்ட நேரம் தானாக முடிவாகிவிடும்.

பேசுவதற்கு மூன்று விஷயங்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் முடியும்போது "யார், என்ன, எந்தக் கிழமைக்குள்" என்ற மூன்றையும் நோட்டில் எழுதி, உரக்கப் படியுங்கள். "எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம்" என்று முடிந்த வேலை எதுவும் நடக்காது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய மாணவர்களுக்குத் தலைவர் என்று ஒருவர் இல்லை. ஆனாலும் குப்பை பொறுக்க ஒரு கூட்டம், போக்குவரத்தை ஒழுங்கு செய்ய ஒரு கூட்டம், சாப்பாடு பகிர ஒரு கூட்டம் என்று பிரித்துக்கொண்டார்கள். கையில் தெளிவான ஒரு வேலை இருந்தால் ஆள் நகரமாட்டார்.

5. அனுமதிக் கடிதம்

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பு கடிதம் போக வேண்டும். தேதி, நேரம், இடம், எத்தனை பேர், விருந்தினர் பெயர், என்னென்ன தேவை எல்லாம் ஒரே பக்கத்தில். பொறுப்பு ஆசிரியர், துறைத் தலைவர், முதல்வர் என்று வரிசைப்படி கையெழுத்து வாங்குங்கள். ஒருவரைத் தாண்டி மேலே போகாதீர்கள். விருந்தினரின் பெயருக்கு ஒப்புதல் வந்த பிறகே அவரை அழையுங்கள். அழைத்துவிட்டு அனுமதி கிடைக்காமல் "வர வேண்டாம் ஐயா" என்று சொல்ல நேர்ந்தால் அந்த மனிதருக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

முத்திரை விழுந்த கடிதத்தை நான்கு நகல் எடுங்கள். அட்டெண்டர், எலக்ட்ரீஷியன், வாசல் செக்யூரிட்டி, கேன்டீன் ஆளுக்கு ஒன்று. ஒன்றைப் படம் பிடித்துப் போனில் வையுங்கள்.

கல்லூரிக்கு வெளியே சாலையில் ஃபிளெக்ஸ் வைக்கவே வைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. வளாகத்துக்குள் துணி பேனர் போதும்.

6. பணம்

மற்ற எல்லாத் தவற்றையும் சரிசெய்துவிடலாம். பணத்தில் வரும் சந்தேகம் மட்டும் ஆளையே முறித்துவிடும். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரி தரும் தொகை பெரும்பாலும் பில் கொடுத்த பிறகுதான் வரும், அதுவும் மாதங்கள் கழித்து. அதுவரை மாணவர்கள் கைக்காசைப் போடுகிறார்கள். எங்கள் பொருளாளர் செப்டம்பர் நிகழ்ச்சிக்கு அவன் அம்மா சீட்டு எடுத்த பணத்திலிருந்து வாங்கி வந்து போட்டிருந்தான். எனக்கு அது தெரியாது. நிகழ்ச்சி முடிந்து கணக்குப் பார்த்தால் 1,840 ரூபாய் இடித்தது. யாரோ வாட்ஸ்அப் குழுவில், "கணக்கு எப்ப வரும்?" என்று போட்டார்கள். இன்னொருவர் ஒரு கேள்விக்குறி. நான் அவனுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், எழுதவில்லை. நான்கு நாள் அவன் கல்லூரிக்கு வந்தும் எங்கள் பக்கம் வரவில்லை.

ஐந்தாம் நாள் கேன்டீன் பெஞ்சில் உட்காரவைத்து, இருவரும் எல்லாச் சீட்டுகளையும் பரப்பினோம். அவன் மெதுவாகத்தான் கேட்டான்: "உனக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?" பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆண்டர்சன் தெரு அழைப்பிதழ் பில், பெரியமேடு ஷீல்டு பில், தண்ணீர் கேன், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் என் போனில் பணம் அனுப்பிய பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனபோது கிடைத்தது. சவுண்ட் செட் காரருக்கு 1,500 ரூபாய் முன்பணம் நான்தான் மன்றப் பணத்திலிருந்து அனுப்பியிருந்தேன். ஷீல்டு ஏற்றி வந்த ஆட்டோவுக்கு 340. இரண்டையும் எழுத மறந்தது நான். குழுவில் அன்றே அதை எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவன் ஆண்டு முடியும்வரை பொருளாளராக இருந்தான், ஆனால் பழைய சிரிப்பு திரும்ப வெகுநாள் ஆனது.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதிகளை அப்படியே தருகிறேன்.

யார் ஒரு ரூபாய் கொடுத்தாலும் அன்றிரவு தூங்கும் முன் கணக்குத் தாளில் ஏற்ற வேண்டும். செயலருக்கும் இதே விதிதான்.

மன்றப் பணம் யாருடைய சொந்த ஜிபே கணக்கிலும் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. தனிக் கணக்கு திறக்க முடியாவிட்டால், குழுவில் ஒருவர் அதிகம் பயன்படுத்தாத கணக்கை மன்றத்துக்கென்று ஒதுக்கி, வாரம் ஒருமுறை அறிக்கையை எல்லோருக்கும் காட்டுங்கள்.

வசூலித்தால் ரசீது. பத்து ரூபாய் என்றாலும் ரசீது.

கடையில் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். கடைப் பெயர், தேதி, எண் உள்ள பில்லாகக் கேளுங்கள். அலுவலகம் துண்டுச் சீட்டை ஏற்காது.

கைக்காசு போட யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். போட்டவரின் பெயரையும் தொகையையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கல்லூரிப் பணம் வந்ததும் முதலில் அவருக்குத்தான்.

கணக்கை நிகழ்ச்சி முடிந்த மூன்றாம் நாள், யாரும் கேட்கும் முன் குழுவில் போடுங்கள்.

7. ஆள் வர வேண்டும்

400 பேர் உட்காரும் ஆடிட்டோரியத்தில் 11 பேரை வைத்துக்கொண்டு ஒரு கவிஞரைப் பேசவைத்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கீழே இறங்கி வந்து எங்களோடு வட்டமாக உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்தப் பெருந்தன்மையை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அது அவருடைய பெருந்தன்மை, எங்கள் ஏற்பாடு இல்லை.

சின்ன அறையைப் பிடியுங்கள். அறுபது பேர் கொள்ளும் செமினார் ஹாலில் ஐம்பது பேர் இருந்தால் பேசுகிறவருக்கே உற்சாகம் வரும். சர்க்குலர் விட்டு வகுப்போடு கூட்டி வந்தால் அறை நிறையும், பின்வரிசை ரெக்கார்ட் நோட்டு எழுதும். போஸ்டர் அழகாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான். வேலை செய்வது வகுப்புக்குள் போய் இரண்டு நிமிடம் நின்று பேசுவதுதான். யார் வருகிறார், எதைப் பற்றிப் பேசுவார், எத்தனை மணிக்கு முடியும். இதில் மூன்றாவதை அழுத்திச் சொல்லுங்கள். முடியும் நேரம் தெரியாத நிகழ்ச்சிக்கு டே ஸ்காலர் வர மாட்டார்.

8. நிகழ்ச்சி நாள்

முந்தைய நாள் மாலையே மைக்கைச் சோதியுங்கள். பேட்டரி ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள். விருந்தினரை வாசலில் எதிர்கொள்ள ஒருவர், அவர் வண்டி எண்ணைச் செக்யூரிட்டியிடம் சொல்ல ஒருவர். நிகழ்ச்சி நிரலை நிமிடக் கணக்கில் எழுதுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி, நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி என்று அளவு இருக்கிறது, வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் மட்டும் ஏன் அளவு இருக்கக் கூடாது? வரவேற்புரை நான்கு நிமிடம், நன்றியுரை மூன்று நிமிடம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தால் செலவும் குறையும், வாங்கியவர் வீட்டில் அது கிடக்கவும் கிடக்காது.

ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு மேல் கூடாது என்பது சட்டம். அதற்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள். கடைசி ஆள் ரயில் ஏறியதாகச் செய்தி வரும்வரை செயலர் வளாகத்தை விட்டுக் கிளம்பக் கூடாது.

9. நண்பர்கள், சீனியர்கள், சண்டை

உடன் படிப்பவர்களிடம் வேலை வாங்குவதுதான் இதில் ஆகக் கடினம். நேற்றுவரை "என்னடி" என்றவளிடம் இன்று "ஏன் முடிக்கவில்லை?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் நீங்களே அவள் வேலையையும் செய்துவிடத் தோன்றும். நான் அப்படித்தான் செய்தேன். செப்டம்பர் முடிவதற்குள் ஆறு பேர் வேலை என் தலையில் இருந்தது, ஆறு பேரும் என்னிடமிருந்து விலகியும் இருந்தார்கள். அவர்களுக்குத் தோன்றியது இதுதான்: "அவளே எல்லாம் செஞ்சுக்கிறா, நாம எதுக்கு?"

வேலை முடியவில்லை என்றால் தனியாகக் கேளுங்கள். குழுவில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள். முதல் கேள்வி "ஏன் செய்யல?" என்று இருக்க வேண்டாம். "எதுல நிக்குது? நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் வீட்டில் ஏதோ நடந்திருக்கும். சிலர் பகுதி நேர வேலைக்குப் போகிறார்கள், அதை வெளியே சொல்ல விரும்பாமல் இருப்பார்கள். இரண்டு முறை கேட்டும் நகரவில்லை என்றால், "இதை வேற ஒருத்தருக்கு மாத்திடலாமா? உனக்கு எது முடியும்னு சொல்லு" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அதற்காக நட்பு கெட்டுப்போகாது. ஒன்றுமே சொல்லாமல் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும் மனக்கசப்பில்தான் கெடும்.

பழைய பொறுப்பாளர்கள் கருத்துச் சொன்னால் கேளுங்கள், முடிவை நீங்கள் எடுங்கள். முதலாண்டு மாணவர்களை "வரவேற்கிறோம்" என்ற பெயரில் மேடையேற்றிக் கலாய்க்கச் சிலர் துடிப்பார்கள். அனுமதிக்கவே கூடாது. தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், முதல் வாரத்தில் கூனிக்குறுகி நின்ற பிள்ளை அதன் பிறகு மேடை ஏற மூன்று வருடம் ஆகும்.

சாதி, பேருந்து ரூட், துறை என்று எந்தப் பெயரில் கோஷ்டி சேர்ந்தாலும் மன்றத்துக்குள் அதற்கு இடமில்லை என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். கைகலப்பு வரும்போல் தெரிந்தால் நீங்கள் நடுவில் புகாதீர்கள், உடனே ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

10. உங்கள் படிப்பு

75 சதவீத வருகை செயலருக்கும் சேர்த்துத்தான். ஓ.டி. படிவத்தை அன்றே கையெழுத்து வாங்குங்கள், மாதக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் எந்த ஆசிரியரும் முகம் சுளிப்பார். இன்டர்னல்ஸுக்கு ஒரு வாரம் முன்பும் தேர்வு வாரத்திலும் மன்ற வேலை இல்லை என்று குழுவுக்கே விதியாக்குங்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும், உங்களைப் பார்த்து வகுப்பை விடும் முதலாண்டுப் பிள்ளைக்காக.

11. பிப்ரவரியில் ஒப்படைக்கத் தொடங்குங்கள்

மார்ச்சில் ஒப்படைத்தால் யாருக்கும் காது கேட்காது. பிப்ரவரியின் கடைசி நிகழ்ச்சியை இரண்டாமாண்டு மாணவர்களே நடத்தட்டும், நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். மைக் கத்தினாலும் எழுந்து ஓடாதீர்கள். எங்கள் கடைசிக் கவியரங்கில் ஒரு மைக் நின்றுவிட்டது. நான் எழப்போனேன். கும்மிடிப்பூண்டித் தங்கை அதற்குள் இன்னொரு மைக்கை எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டே தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நீளமான ரூல்டு நோட்டு வாங்குங்கள். அதில் எழுத வேண்டியது: சாவி யாரிடம், எந்த ஃபேன் ஓடாது, எந்தக் கடிதத்துக்கு எத்தனை நாள் ஆனது, கடைகளின் பெயரும் அவர்கள் வாங்கிய தொகையும், வந்த விருந்தினர்கள், அவர்களுக்கு நன்றிக் கடிதம் போனதா, நடக்காமல் போன நிகழ்ச்சிகள், ஏன் நடக்கவில்லை, யாருக்கு எவ்வளவு பாக்கி. அனுமதிக் கடித நகல்களைப் பின் அட்டையில் ஒட்டுங்கள். ரசீதுப் புத்தகம், முத்திரை, மின்னஞ்சல் கடவுச்சொல், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாவற்றையும் பொறுப்பு ஆசிரியர் முன்னிலையில் கொடுத்து, அதே நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவின் அட்மினைப் புதியவருக்கு மாற்றிவிட்டு ஜூன் மாதம் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். உங்கள் எண் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். தேவைப்பட்டால் அவர்களே கூப்பிடுவார்கள். எனக்கு ஆகஸ்டில் ஒரே ஒரு போன் வந்தது, "அக்கா, செமினார் ஹால் மூணாவது ஃபேன்னு எழுதியிருக்கீங்களே, அது மேடையிலிருந்து மூணாவதா, வாசலிலிருந்து மூணாவதா?" என்று.